புதிய வீடுகளுக்கான ஆண்டு ஒதுக்கீடு: கிழக்குக் கரையோரச் சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நகரத்தில் வரும் ஆண்டில் எத்தனை புதிய வீடுகள் எழலாம், அவை எந்தப் பகுதியில் எழலாம், பொதுப் பணத்தில் கட்டப்படுபவை யாருக்குச் சேர வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் தீர்மானித்து வைப்பதையே இங்கு ஒதுக்கீடு என்கிறோம். இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரச் சபைகளில் இவ்வேலை நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது; ஆனால் துண்டு துண்டாக, ஒன்றுக்கொன்று தெரியாமல் நடக்கிறது. கட்டட அனுமதியை மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ வழங்குகிறது. அரச காணியைப் பிரதேச செயலாளர் பகிர்கிறார். வீட்டுக் கடனும் மானியமும் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை ஊடாக வருகின்றன. கடலோரம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் இசைவு வேண்டும். வயல் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். ஐந்து மேசைகளில் ஐந்து கணக்குகள் இருக்க, மொத்தம் எத்தனை என்று கூட்டிப் பார்க்கும் மேசை மட்டும் இல்லை. அந்த ஆறாவது மேசையை எப்படி அமைப்பது என்று சபை உறுப்பினர்களுக்கும், தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும், கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் சபைகள் கட்டட அனுமதிக்கு ஆண்டு உச்சவரம்பு வைப்பதில்லை. விதிகளுக்கு அமைவான வரைபடத்தோடு வருபவரை “இந்த ஆண்டுக்குரிய எண்ணிக்கை முடிந்துவிட்டது” என்று திருப்பி அனுப்புவது இங்கு வழக்கமும் இல்லை. ஆனால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அவ்வதிகார சபை தயாரிக்கும் அபிவிருத்தித் திட்டத்தில் சபை தன் கருத்தைச் சொல்லலாம்; காணிப் பிரிவிடல் அனுமதியும், வீதி, வடிகான் வேலைகளின் வரிசையும் சபையின் கையில் உள்ளன. வீடு எங்கே, எப்போது எழும் என்பதை இம்மூன்றுமே பெருமளவுக்குத் தீர்மானிக்கின்றன. ஆகவே இங்கே ஒதுக்கீடு என்பது தனி மனிதருக்கு விதிக்கும் தடையல்ல. சபை தன் பணத்தையும் அனுமதிகளையும் எந்த வரிசையில் செலவிடும் என்று தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு.

வெளிநாடுகளில் இதைக் கண்டிப்பான சட்டமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பெற்றலூமா நகரம் 1972இல் ஆண்டுக்கு 500 வீடுகள் என்ற வரம்பை விதித்தது. கட்டுநர்கள் வழக்குத் தொடுத்தபோதும் 1975இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த 500 என்ற எண்ணைவிட அதன் உட்பிரிவுகள்தான் நமக்குப் பயன்படும். நான்கு வீடுகள் வரையான சிறு கட்டுமானங்களுக்கு வரம்பு பொருந்தவில்லை. நகரத்தின் கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் இடையே எண்ணிக்கை பங்கிடப்பட்டது. ஆண்டு ஒதுக்கீட்டில் 8 முதல் 12 வீதம் வரை குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கென வைக்கப்பட்டது. நியூயோர்க் மாநிலத்தின் ராமப்போ 1969இல் வேறு வழியில் சென்றது. எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல், கழிவுநீர், வடிகால், வீதி, பூங்கா, தீயணைப்பு நிலையம் ஆகியவை காணிக்கு எவ்வளவு அருகில் உள்ளன என்று புள்ளியிட்டு, போதிய புள்ளி சேர்ந்த இடத்துக்கே அனுமதி கொடுத்தது. எண்ணிக்கையை உறுதியாகக் கணக்கிடும் வசதி இல்லாத நம் சபைகளுக்கு ராமப்போவின் வழியே பொருத்தமானது என்பது என் கருத்து.

தேவையைக் கணக்கிடுதல்

பொதுவாகத் திட்டமிடுவோர் சனத்தொகையை எடுத்து, சராசரிக் குடும்ப அளவால் பிரித்து, இருக்கும் வீடுகளைக் கழித்துத் தேவையைச் சொல்வார்கள். கிழக்கில் இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைவான எண்ணையே தரும். இங்கே தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். மூன்று பெண்பிள்ளைகள் உள்ள பெற்றோர் மூன்று வீடு கட்டுகிறார்கள், அல்லது ஒரே வளவை மூன்றாகப் பிரிக்கிறார்கள். கடைசி மகளுக்குத் தாங்கள் வாழ்ந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்புறத்துச் சிறு அறைக்குள் ஒதுங்கும் பெற்றோர் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. எனவே எதிர்வரும் ஆண்டுகளின் வீட்டுத் தேவையை அறிய, கிராம உத்தியோகத்தரின் பதிவேட்டில் குடும்பத் தலைவர்களை எண்ணுவதை விடத் திருமண வயதை நெருங்கும் பெண்பிள்ளைகளை எண்ணுவதே சரியான வழி.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வட்டாரத்தில் 10 முதல் 24 வயது வரையான பெண்கள் 420 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த 15 ஆண்டுகளில் இவர்கள் மணம் முடிப்பார்கள் என்றால் ஆண்டுக்குச் சராசரி 28 திருமணங்கள். நான்கில் ஒரு பெண் பெற்றோர் வீட்டையே பெறுகிறாள் எனக் கொண்டால் 21 புதிய வீடுகள் வேண்டும். வாடகையில் இருப்போருக்கும், வெள்ள அபாயமுள்ள இடத்திலிருந்து மாற வேண்டியோருக்கும் ஆண்டுக்கு 4 வீடுகள் சேர்த்தால் தேவை 25 ஆகிறது. இந்த எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. உங்கள் வட்டாரத்தின் எண்களை இட்டுக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். அதே ஊருக்குள் திருமணமாகி வருவோரையும் வெளியூர் செல்வோரையும் கூட்டிக் கழிக்கவும். வெளிநாட்டில் உழைப்பவர்கள் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் சில தெருக்களில் கணிசமாக இருக்கும். அவை சபையின் சோலைவரி (வீட்டு வரி) பதிவேட்டில் வீடாகத் தெரிந்தாலும் குடியிருப்புத் தேவையை நிறைவேற்றுவதில்லை.

நிலம் தாங்கும் எண்ணிக்கை

அடுத்த வேலை, வீடு கட்டக்கூடாத நிலத்தை வரைபடத்தில் முதலில் கழித்துவிடுவது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி கரையோர வலயம் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை வருகிறது. கடலோடு தொடர்புள்ள வாவி, ஆறு ஆகியவற்றில் அது முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் வரை உள்ளே நீள்கிறது. வலயத்துக்குள் எல்லாமே தடை என்பதல்ல. அனுமதி வேண்டும் என்பதே பொருள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி வயல்காணியை அனுமதியின்றி நிரப்ப முடியாது. கண்டல் காடு, தோணா எனப்படும் கடலோர நீரோடையின் இரு கரைகள், வாவியோரச் சதுப்பு ஆகியவற்றையும் கழியுங்கள். வரைபடம் தெளிவில்லாத இடத்தில் வயதானவர்களோடு ஒரு நாள் நடந்தால் போதும். 2011 சனவரியிலும் 2014 டிசம்பரிலும் 2024 நவம்பரிலும் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று சுவரைக் காட்டிச் சொல்லக்கூடியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் சபைகள் மிக அதிகமாக வழுக்குகின்றன. தாழ்ந்த காணியைக் கிரவல் கொட்டி உயர்த்தி, 6 பேர்ச், 8 பேர்ச் (ஒரு பேர்ச் சுமார் 25 சதுர மீற்றர்) துண்டுகளாக்கி விற்பவர், தன் காணியில் நின்ற தண்ணீரைப் பக்கத்து வளவுக்குத்தான் அனுப்புகிறார். மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவத்தின் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்கிறது. அந்த நீர் வாவியிலும் தோணாவிலும் தேங்கி, முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணல் வெட்டப்படும் வரை காத்திருக்கிறது. அது தங்கி நிற்கும் பள்ளங்களை வீட்டு மனையாக்கினால், ஒவ்வொரு மனைக்கும் ஈடாக வேறெங்கோ ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் தண்ணீர் ஏறும். ஆகவே பிரிவிடல் வரைபடத்தை அங்கீகரிக்குமுன், நிரப்புவதற்கு முந்தைய தரைமட்டத்தைக் காட்டும் அளவையைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

மீதமுள்ள மேட்டுக்காணியிலும் எத்தனை வீடு என்பதை மணல்தான் தீர்மானிக்கிறது. 1986ஆம் ஆண்டின் திட்டமிடல் விதிகள் மனையின் ஆகக் குறைந்த பரப்பை 150 சதுர மீற்றர் என்றன. அது ஏறத்தாழ 6 பேர்ச். சதுரமான 6 பேர்ச் வளவின் ஒரு பக்கம் சுமார் 40 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வலியுறுத்தும் இடைவெளி சுமார் 50 அடி. எதிர்மூலைகளில் வைத்தால் சொந்தக் கிணற்றுக்கு அந்த இடைவெளி கிடைக்கலாம். அடுத்த வளவின் கிணற்றுக்குக் கிடைக்காது. கரையோர மணலில் குழிநீர் எளிதாக ஊறிச் செல்லும். குழாய்நீர் வந்துவிட்ட பகுதிகளில் இந்த நெருக்கடி ஓரளவு தணிந்துள்ளது. உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்கு வருகிறது. குழாய் வராத தெருவில் 10 பேர்ச்சுக்குக் குறைந்த மனைகளை அனுமதிக்கக்கூடாது என்றும், வந்த தெருவில் மட்டும் சட்டத்தின் ஆகக் குறைந்த அளவு வரை இறங்கலாம் என்றும் அபிவிருத்தித் திட்டத்தில் எழுதும்படி சபை கேட்பது நல்லது. அன்றாட நடைமுறைக்கு நடப்பிலுள்ள வர்த்தமானியைப் பார்த்துக்கொள்ளவும். 2021இல் புதிய விதிகள் வந்துள்ளன.

முன்னைய எடுத்துக்காட்டைத் தொடர்வோம். அந்த வட்டாரத்தில் கட்டத்தக்க மேட்டுக்காணி 12 ஹெக்டெயர் எஞ்சியிருப்பதாகக் கொள்ளுங்கள். வீதிக்கு ஐந்தில் ஒரு பங்கு போனால் 9.6 ஹெக்டெயர். அதில் 10 வீதம் விளையாட்டிடம், முன்பள்ளி போன்ற பொதுத் தேவைக்கு ஒதுக்கினால் 8.64 ஹெக்டெயர். ஒரு மனை 10 பேர்ச், அதாவது சுமார் 253 சதுர மீற்றர் என்றால் 340 மனைகள் வரும். ஆண்டுக்கு 25 வீடு என்ற தேவைக்கு இது பதின்மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் போதும். ஆனால் வடிகான் அமைந்திருப்பது மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்கு மட்டும்தான் என்றால், இன்று உண்மையில் ஒதுக்கக்கூடியவை 113 மனைகளே. அவை நாலரை ஆண்டில் தீர்ந்துவிடும். இரண்டாம் கட்ட வடிகான் வேலை நான்காம் ஆண்டு முடிவதற்குள் நிறைவேற வேண்டும் என்ற முடிவு இந்தக் கணக்கிலிருந்து தானாகவே வருகிறது. சபையின் வரவுசெலவுத் திட்டக் கூட்டத்தில் வைக்க வேண்டியது இந்த ஒரு வரிதான், மற்றவையெல்லாம் பின்னிணைப்பு.

இடவாரியாகப் பங்கிடல்

வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரை நெரிந்து கிடக்க, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நிலம் விரிந்து கிடக்கிறது என்பது மட்டக்களப்பில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து நகரத்துக்கு வந்துபோவது எளிதாகிவிட்டது. ஆயினும் படுவான்கரையின் பெரும்பகுதி வயல் வட்டைகளும் வெள்ளம் பாயும் தாழ்நிலமுமாக இருப்பதால், பாலத்தைக் காட்டி அங்கே கண்மூடித்தனமாக மனைகளை ஒதுக்க முடியாது. ஏற்கெனவே மேட்டில் அமைந்த கிராமங்களின் விளிம்பில், பாடசாலையும் பேருந்தும் எட்டும் தூரத்தில் மட்டும் ஒரு பங்கை ஒதுக்கலாம். காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனை போன்ற நெரிசலான ஊர்களில் புதிய மனை ஏறக்குறைய இல்லை. அங்கே ஒதுக்கீடு மாடிகளின் கணக்காகவே இருக்கும். இருக்கும் வீட்டின் மேல் மகளுக்காகக் கட்டப்படும் மாடியைத் தனி வீட்டு அலகாகப் பதிவுசெய்து, அதற்குரிய குழிநீர்க் கொள்ளளவைப் பரிசோதித்தே அனுமதிக்க வேண்டும். பெற்றலூமா சிறு கட்டுமானங்களுக்குக் கொடுத்த விலக்கைப் போல, குடும்பத்துக்குள்ளே கட்டப்படும் ஒற்றை வீட்டை ஆண்டு வரிசையில் நிறுத்தாமல் விடுவதும், ஐந்தாறு மனைகளுக்கு மேல் பிரித்து விற்பவரை மட்டும் புள்ளி முறைக்குள் கொண்டுவருவதும் நியாயமானது. ஊரைப் பெருக வைப்பது வீட்டுக்காரரின் ஓர் அறையல்ல.

இடத்தைத் தீர்மானிக்கும்போது தொழிலையும் பார்க்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் மட்டக்களப்பின் கடலோரத்து நாவலடி, திருச்செந்தூர், டச்பார் பகுதிகளிலிருந்து பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டனர். கடற்றொழிலாளிக்குக் கரையில் கிடக்கும் தோணியும் வலையும் கண்ணெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டைச் சில கிலோமீற்றர் உள்ளே கொடுத்தால், வாடியை (மீன்பிடிக் குடிலை) கரையில் தக்கவைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் அலைவார். கடலின் அபாயத்தையும் தொழிலின் தேவையையும் ஒருங்கே எதிர்கொள்ள, வீட்டுத் திட்டத்தோடு தொழிற்கருவிகளை வைக்கும் இடத்தையும் அதே தீர்மானத்தில் ஒதுக்குவதுதான் வழி.

பொதுப் பணத்து வீடுகள் யாருக்கு?

இப்பகுதியில் எந்தக் குழுவும் நிதானமாக இருக்க வேண்டிய கட்டம் இதுதான். அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்காகச் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை யாருக்குப் பகிர்வது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கட்டி முடித்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து பற்றை மூடின. நன்கொடையாளர் ஒரு நோக்கத்தோடு கொடுத்தார், ஊர் ஒரு கணக்கைப் போட்டது, இன விகிதாசாரம் பற்றி நாட்டளவில் வேறொரு வாதம் எழுந்தது. இவை அனைத்தும் அடிக்கல் நாட்டுமுன்பே மேசைக்கு வந்திருக்க வேண்டிய கேள்விகள். எந்த அடிப்படையில் பங்கிடப்படும், எந்தப் பிரதேசத்தவர் விண்ணப்பிக்கலாம், அவ்வடிப்படை சட்டத்தோடு பொருந்துகிறதா என்ற மூன்றுக்கும் எழுத்துமூல விடை கிடைக்காமல் கேள்விமனு கோரக்கூடாது என்பதை நான் விட்டுக்கொடுக்க முடியாத விதியாகவே கருதுகிறேன்.

பயனாளிகளைத் தெரிவுசெய்யும் முறைக்கு நம்மிடம் பழைய மரபு ஒன்றுண்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் காணிக் கச்சேரி நடத்தி, விண்ணப்பதாரரை எல்லோர் முன்னிலையிலும் விசாரித்துத் தெரிவுசெய்தார்கள். அதன் நல்ல பகுதி பகிரங்கம். குறை, விசாரிப்பவரின் விருப்புக்கு இடம் அதிகம் இருந்தது. எனவே பகிரங்கத்தை வைத்துக்கொண்டு புள்ளித் திட்டத்தைச் சேர்க்க வேண்டும். பெண் தலைமைக் குடும்பம், மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம், ஒரே வீட்டுக்குள் நெருங்கி வாழும் பல குடும்பங்கள், அபாய நிலத்தில் இருப்போர், பிரதேசத்தில் வாழ்ந்த காலம் ஆகியவற்றுக்கு எவ்வளவு புள்ளி என்பதை விண்ணப்பம் கோரும் அறிவித்தலிலேயே அச்சிடுங்கள். விண்ணப்பங்கள் வந்த பிறகு புள்ளியை மாற்றினால், அதன் பின் யாரும் பட்டியலை நம்பமாட்டார்கள்.

தற்காலிகப் பட்டியலைப் புள்ளிகளோடு கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் கோயில், பள்ளிவாசல், தேவாலய வாசலிலும் ஒட்டி, ஆட்சேபங்களுக்கு இரண்டு வாரமாவது கொடுக்க வேண்டும். ஆட்சேபத்தை விசாரிப்பவர்கள் தெரிவுக்குழுவில் இருந்தவர்களாக இருக்கக்கூடாது. சம புள்ளி பெற்றோர் வீடுகளை விட அதிகமாக இருந்தால் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி முடித்துவிடலாம். கண்முன்னே குலுக்கிய சீட்டை விட, மூடிய அறையில் எழுதிய பட்டியலே அதிகக் கசப்பைத் தருகிறது. கண்டறிந்த உண்மைகளை, குறிப்பாக நோயையும் குடும்பப் பிரிவையும், அறிவித்தலில் விவரமாக எழுதாமல் புள்ளியை மட்டும் காட்டுவது கண்ணியம்.

எந்தப் பெயரில் ஆவணம் எழுதப்படுகிறது என்பதும் ஒதுக்கீட்டின் ஒரு பகுதியே. கிழக்கின் வழக்கப்படி வீடு பெண்ணுடையது. ஆனால் அரச படிவங்கள் குடும்பத் தலைவரைக் கேட்டதால், சுனாமிக்குப் பிந்திய திட்டங்களில் பெண்ணின் சீதன வீட்டுக்கு ஈடாகக் கட்டப்பட்ட வீடுகள் பல கணவன் பெயருக்குப் போயின. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையில் ஆண்களுக்கு இருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. ஆகவே இழந்த வீடு யாருடையது என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு தனிக் கேள்வி வைத்து, அவர் பெயரிலோ இருவர் பெயரிலுமோ ஆவணத்தை எழுதுங்கள். பின்னாளில் மகளுக்குச் சீதனம் எழுதும்போது இது பெரிய சிக்கலைத் தவிர்க்கும்.

ஆண்டு முடிவில்

கட்டட அனுமதிக்குக் கால எல்லை உண்டு. அதற்குள் வேலை தொடங்காத, நீட்டிப்பும் கேட்காத அனுமதிகளை ஆண்டுதோறும் பதிவேட்டிலிருந்து எடுத்து, அந்த எண்ணிக்கையை அடுத்த ஆண்டுக்குச் சேர்க்க வேண்டும். கட்டி முடித்தபின் பெறும் அமைவுச் சான்றிதழ்களின் எண்ணிக்கையையே உண்மையில் எழுந்த வீடுகளாகக் கொள்ளுங்கள். அனுமதிகளின் எண்ணிக்கை எப்போதும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பலர் சான்றிதழ் பெறாமலே குடிபுகுவதால், மின்னிணைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டு இடைவெளியைத் திருத்தலாம். பொதுப் பணத்து வீடுகளில் ஆறு மாதமாக யாரும் குடியில்லாதவற்றைக் கிராம உத்தியோகத்தர் மூலம் விசாரித்து, காரணத்தை எழுதி, தேவையெனில் காத்திருப்போர் பட்டியலின் அடுத்தவருக்குக் கொடுங்கள். இந்த மீளாய்வை சனவரி இறுதியில் அல்லது பெப்ரவரியில் வைப்பது வசதி. வெள்ளம் வடிந்திருக்கும், எந்தப் புதிய மனையில் தண்ணீர் நின்றது என்று அப்போது நேரில் பார்த்தே குறித்துக்கொள்ளலாம், அந்த மனைகள் இருக்கும் பகுதிக்கான அவ்வாண்டின் ஒதுக்கீட்டை வடிகான் சரியாகும் வரை நிறுத்திவைக்கும் தீர்மானத்தையும் அதே கூட்டத்தில் நிறைவேற்றிவிடலாம்.